பதிவேட்டில் விபத்து பூஜ்யம் என்றால் தொழிலாளர்கள் நலமா?

ஒரு தொழிற்சாலை வாசலில் ‘விபத்தின்றி 300 நாட்கள்’ என்று பெரிய பலகை. இன்னொரு தொழிற்சாலையின் விபத்துப் பதிவேட்டைப் புரட்டினால், கடந்த ஓராண்டில் மட்டும் 40 காயங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே மாதிரி வேலை. தெரிந்த பையன் ஒருவனை எங்கே சேர்க்கலாம் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் முதல் இடத்தைத்தான் காட்டுவோம்.

நான் அவசரப்பட மாட்டேன். அந்த 40-இல் 35 சின்னக் கீறல்களாக, ஒன்றுவிடாமல் எழுதி வைக்கப்பட்டவையாக இருக்கலாம். அந்த 300 நாட்களும் யாரும் வாய் திறக்காத நாட்களாக இருக்கலாம். தொழிலாளர்களின் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று அறிய நமக்குக் கிடைக்கும் முதல் தடயம் காயம், நோய் பற்றிய புள்ளிவிவரம்தான். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். ஒரு காயம் எப்படி எண்ணாக மாறுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு வெட்டுக்காயம் எண்ணாகும் வழி

தகடு வெட்டும் இயந்திரத்தை ஒருவர் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். தகட்டின் விளிம்பு உள்ளங்கையில் இழுத்துவிட்டது. ரத்தம் வருகிறது.

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அவர் வேலையைத் தொடர்ந்தால், கதை அங்கேயே முடிந்தது. அந்தக் காயம் எந்தக் கணக்கிலும் வராது. சூப்பர்வைசரிடம் காட்டினால் முதலுதவிப் பெட்டி திறக்கும். மருந்து தடவிக் கட்டுப் போட்டதோடு சரி என்றால், அது பொதுவாகத் தேசியப் புள்ளிவிவரம் வரை போகாது. மருத்துவரிடம் போனால்? அமெரிக்க விதிப்படி, காயத்துக்குத் தையல் போட்டால் அது மருத்துவ சிகிச்சை. பதிவேட்டில் ஏற வேண்டும். அதே காயத்தின் இரு ஓரங்களையும் இழுத்துப் பிடித்து ஒட்டுப்பட்டை போட்டு, அவர் மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டால் அது முதலுதவி, ஏற வேண்டியதில்லை. வெட்டு ஒன்றுதான். ஊசியா, ஒட்டுப்பட்டையா என்பதில் எண் மாறிவிடுகிறது.

நாட்டுக்கு நாடு எல்லைக்கோடும் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகளை ஒப்பிடும்போது, மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் செய்த காயங்களை எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனில் எலும்பு முறிவு போன்ற பெரிய காயங்களையும், ஏழு நாளுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்யவிடாத காயங்களையும் முதலாளி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் ஆளின் உள்ளங்கை ஐந்து நாளில் ஆறிவிட்டால் ஒரு கணக்கில் இருப்பார், இன்னொன்றில் இருக்க மாட்டார். அதனால் இரண்டு அறிக்கைகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு முன், அவை எதைக் ‘காயம்’ என்கின்றன என்று முதல் பக்கத்திலேயே தேடிப் பாருங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விதிகள் இப்படி என்றால், மனிதர்கள் பாடு வேறு. வேலைநாள் இழந்த காயத்தை மட்டும் எண்ணும் இடத்தில், “லீவு போடாதே, வந்து உட்கார்ந்து நோட்டு எழுது, போதும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் காயம் மறைந்துவிடும். தினக்கூலிக்காரருக்கு விடுப்பு என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அவரே சொல்ல மாட்டார். ஒப்பந்தத் தொழிலாளி அடிபட்டால், அது ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் ஏற வேண்டுமா, ஆலையின் பதிவேட்டிலா என்ற இழுபறியில் இரண்டிலும் ஏறாமல் போவது உண்டு. இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது ‘விபத்தில்லா மாதம்’ என்றால் குழு முழுவதற்கும் போனஸ் என்ற ஏற்பாடு. நல்ல எண்ணத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் விரல் நசுங்கியவர், தன்னால் பத்துப் பேரின் பணம் போகக்கூடாது என்று கையைப் பையில் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

எவ்வளவு விடுபடுகிறது என்பதைக் காட்ட ஒரு வழி, தொழிலாளர்களையே கேட்பது. பிரிட்டனில் 2022-23 ஆண்டுக்கு முதலாளிகள் தெரிவித்த, உயிரிழப்பு இல்லாத காயங்கள் 60,645. அதே ஆண்டுக்கு வீடுவீடாக எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பில், வேலையில் காயம்பட்டதாகச் சொன்னவர்களின் மதிப்பீடு 5,61,000. இதில் பெரும்பகுதி வித்தியாசத்துக்கு அந்த ஏழு நாள் கோடுதான் காரணம். எல்லாமே மறைக்கப்பட்டவை என்று எடுத்துக்கொள்வது தவறு. ஆனாலும் ஒரே நாடு, ஒரே ஆண்டு; கேட்ட ஆளும் கேட்ட விதமும் மாறியதும் எண் ஒன்பது மடங்காகிவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவமனை, இழப்பீடு எனப் பல பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. தேசியக் கணக்கெடுப்பு அங்கே பாதிக்கு மேற்பட்ட காயங்களையும் நோய்களையும் தவறவிட்டிருந்தது அதில் தெரிந்தது.

இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தமானது. காயத்தை மறைக்கலாம், மரணத்தை மறைப்பது கடினம். ஐரோப்பியப் பட்டியலில் ருமேனியாவும் பல்கேரியாவும் காய விகிதத்தில் மிகக் கீழே இருக்கின்றன. அதை மட்டும் பார்த்தால் உலகிலேயே பாதுகாப்பான வேலையிடங்கள் அங்கேதான் என்று தோன்றும். பணியிட மரண விகிதத்தில் அவை மேல் வரிசையில் நிற்கின்றன. காயமே படாமல் ஆட்கள் இறந்துகொண்டிருக்க முடியாது அல்லவா? எந்த இடத்தின் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் மரணத்தையும் காயத்தையும் இப்படிச் சேர்த்து வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் சந்தேகம் காய எண்ணிக்கையின் மேல்தான் விழ வேண்டும்.

விகிதம்: கொஞ்சம் கணக்கு

500 பேர் வேலை செய்யும் ஆலையில் ஓராண்டில் 12 காயம். 60 பேர் வேலை செய்யும் பட்டறையில் 4 காயம். எது மோசம்? எண்ணிக்கையை ஆட்களின் உழைப்பு நேரத்தால் வகுத்தால்தான் தெரியும். வழக்கமான சூத்திரம் இது: காயங்களின் எண்ணிக்கையை 2,00,000-ஆல் பெருக்கி, எல்லோரும் உழைத்த மொத்த மணிநேரத்தால் வகுக்க வேண்டும். அதென்ன 2,00,000? 100 பேர், வாரம் 40 மணி, ஆண்டுக்கு 50 வாரம். அதாவது விடை ‘100 முழுநேரத் தொழிலாளருக்கு இத்தனை’ என்று வரும். சில நிறுவனங்கள் 10,00,000 மணிநேரத்தை வைத்துக் கணக்கிடும்; அந்த எண் ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும். எதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று பார்க்காமல் ஒப்பிட வேண்டாம்.

ஆளுக்கு 2,000 மணிநேரம் என்று வைத்தால், ஆலையின் விகிதம் 2.4; பட்டறையின் விகிதம் ஏறக்குறைய 6.7. பட்டறைதான் மோசம். ஆனால் பட்டறைக்காரர்கள் ஓவர்டைம் சேர்த்து ஆளுக்கு 2,800 மணிநேரம் உழைத்திருந்தால்? விகிதம் 4.8-க்கு இறங்கிவிடும். அறுபது பேரில் நான்கு பேருக்கு அடிபட்டது மாறவில்லை. கூடுதல் நேரம் உழைத்ததால் விகிதம் அழகாகிவிட்டது. நீண்ட நேர வேலையே உடம்பைக் கெடுக்கும் என்று இருக்கும்போது, இந்தச் சூத்திரம் அதற்குப் பரிசு கொடுப்பதுபோல் ஆகிவிடுகிறது. ‘நூறு பேருக்கு எத்தனை பேர்’ என்ற சாதாரணக் கணக்கையும் கூடவே போட்டுப் பார்ப்பது நல்லது.

சின்ன எண்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அந்தப் பட்டறையில் அடுத்த ஆண்டு 2 காயம்தான். ‘விபத்து பாதியாகக் குறைந்தது’ என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக 4 காயம் நடக்கும் இடத்தில், எதையுமே மாற்றாவிட்டாலும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 2 அல்லது அதற்கும் குறைவாக வரும். அது வெறும் தற்செயல். சிறிய இடங்களை ஐந்து ஆண்டு சேர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது ஒரே மாதிரிப் பட்டறைகள் பலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை காயம் என்பதோடு எவ்வளவு கடுமை என்பதும் தெரிய வேண்டும் என்று, இழந்த வேலைநாட்களையும் கூட்டுவார்கள். மரணத்துக்கு எத்தனை நாள் போடுவது? அமெரிக்காவின் பழைய தரநிலை ஒன்று 6,000 நாள் என்று வைத்தது. ஆண்டுக்கு 300 நாள் வீதம் 20 ஆண்டு உழைப்பு.

நோய் என்று வந்தால்

இதுவரை பேசியதெல்லாம் காயம். அதற்கு ஒரு நேரம், ஒரு இடம், பார்த்த சாட்சி எல்லாம் உண்டு. நோய்க்கு இவை எதுவும் இல்லை. வேலை செய்யும் ஆண்டுகளில் உடம்புக்குள் போகும் தூசு, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மூச்சுத்திணறலாக வெளியே வரும். அதற்குள் ஆலை மூடியிருக்கும், ஆள் ஊர் மாறியிருப்பார், மருத்துவர் ‘புகைபிடிப்பீர்களா’ என்று மட்டும் கேட்டிருப்பார். தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-லேயே நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன வேலை செய்கிறாய்’ என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொன்னார். 300 ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி எல்லா மருத்துவமனைச் சீட்டிலும் வந்து சேரவில்லை.

கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நுண் இழைகளைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய், பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டு கழித்தே தலைகாட்டும். பிரிட்டன் 1999-இல் கல்நாரின் எல்லா வகைகளையும் தடை செய்து முடித்தது. 2021-இல் அங்கே இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 2,268 பேர். ஆக, இந்த எண் இன்றைய வேலையிடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பல பத்தாண்டுகளுக்கு முந்திய கப்பல் கட்டும் தளங்களையும் கட்டட வேலைகளையும் பற்றிச் சொல்கிறது. இன்று புதிதாக ஒரு பொருள் தொழிலாளர்களைக் கெடுத்துக்கொண்டிருந்தால், அது இன்றைய மரணப் பட்டியலில் இருக்காது. ஒரு நாட்டின் நோய்ப் புள்ளிவிவரம் நன்றாக இருப்பதைப் பார்த்து ‘இப்போதைய ஆலைகள் நல்லவை’ என்று முடிவுகட்டுவது இதனால்தான் ஆபத்து.

தேடினால்தான் நோய் கிடைக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியா நல்ல உதாரணம். சமையலறை மேடைகளுக்குப் போடும் செயற்கைக் கல்லில் சிலிக்கா என்ற கனிமம் 90 சதவீதம் வரைகூட இருக்கும். அதைத் தண்ணீர் விடாமல் அறுத்தால் எழும் தூசு, நுரையீரலில் தழும்பை உண்டாக்கும், அதுதான் சிலிகோசிஸ். அந்தக் கல்லை அறுப்பவர்களை 2018-இல் குயின்ஸ்லாந்து மாநிலம் வரிசையாகப் பரிசோதிக்கத் தொடங்கியதும், வயதில் இளையவர்கள் பலருக்கே நோய் இருப்பது தெரியவந்தது. வரைபடத்தில் பார்த்தால் நோய் திடீரென்று எகிறியதுபோல் இருக்கும். நோய் முன்பே இருந்தது, யாரும் பார்க்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே ஆஸ்திரேலியா தடை செய்துவிட்டது. எண் உயர்ந்தது கெட்ட செய்தி என்று யாராவது பரிசோதனையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் நடந்தது இதைவிட நெஞ்சை அறுப்பது. 1969-இல் வந்த சட்டம் தூசுக்கு வரம்பு வைத்து, தொழிலாளர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் திட்டத்தையும் தொடங்கிவைத்தது. நிலக்கரித் தூசால் வரும் ‘கருநுரையீரல்’ நோய் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, 1990-களின் கடைசியில் மிகத் தாழ்ந்த அளவுக்கு வந்தது. முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். அப்புறம் மறுபடி ஏறியது. 2018-இல் வெளியான ஆய்வின்படி, 25 ஆண்டுக்கு மேல் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு அந்த நோய். கிழக்கு அமெரிக்காவின் மலைப்பகுதியான மத்திய அப்பலாச்சியாவில் ஐந்தில் ஒருவருக்கு. அத்தனை ஆண்டும் விடாமல் எக்ஸ்ரே எடுத்து வைத்ததால்தான் இந்தத் திருப்பம் கண்ணில் பட்டது.

காயத்தையும் நோயையும் ஒரே கூட்டுத்தொகையில் போடுவதும் தவறாக வழிநடத்தும். அமெரிக்கத் தனியார் நிறுவனங்களில் 2019-இல் காயமும் நோயும் சேர்ந்து 28 லட்சம். 2020-இல் 27 லட்சம். தலைப்பைப் பார்த்தால் ‘சற்றுக் குறைந்தது’. உள்ளே போய்ப் பாருங்கள்: காயம் 27 லட்சத்திலிருந்து 21 லட்சமாகக் குறைந்திருக்கிறது, நோய் 1,27,200-லிருந்து 5,44,600-ஆக ஏறியிருக்கிறது. சுவாச நோய்கள் மட்டும் 10,800-லிருந்து 4,28,700. கோவிட் ஆண்டு. செவிலியர்களும் முதியோர் இல்லப் பணியாளர்களும் மூச்சுக்குத் தவித்த அந்த ஆண்டு, மொத்தக் கணக்கில் முந்திய ஆண்டைவிட நல்ல ஆண்டு.

‘எங்கள் ஆட்கள் ஊர் மக்களைவிட ஆரோக்கியமானவர்கள்’ என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கலாம். அது உண்மையாகக்கூட இருக்கும். ஆனால் வேலை நல்லது என்பதற்கு அது சான்றாகாது. ஊர் மக்கள் என்றால் படுக்கையில் கிடப்பவரும் அதில் சேர்த்தி. வேலையில் இருப்பவர் வேலை செய்யத் தெம்புள்ளவர். தேர்வின்போதே பலவீனமானவர் கழிந்துவிட்டார். சேர்ந்த பிறகு முடியாமல் போனவர் விலகிவிட்டார். மிச்சம் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு நன்றாகத்தான் வரும். நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் இதை ‘ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு’ என்கிறார்கள். இதைத் தாண்ட, வேலையை விட்டுப்போனவர்களையும் தேடிப்பிடித்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். அல்லது ஒரே ஆலையில் தூசுப் பிரிவு ஆட்களை அலுவலகப் பிரிவு ஆட்களோடு ஒப்பிட வேண்டும்.

உலக அளவு எண்கள்

செய்திகளில் வரும் பெரிய எண்கள் யாரும் ஒவ்வொன்றாக எண்ணியவை அல்ல, மதிப்பீடுகள். ஓர் ஊரில் எத்தனை பேர் ஒரு குறிப்பிட்ட தூசில் வேலை செய்கிறார்கள், அந்தத் தூசு நோயின் வாய்ப்பை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்ற இரண்டையும் வைத்து, அங்கே நிகழும் மொத்த மரணங்களில் வேலையின் பங்கு இவ்வளவு என்று பிரித்தெடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கில், 2016-ஆம் ஆண்டில் வேலை தொடர்பான மரணங்கள் சுமார் 19 லட்சம். அதில் விபத்துக் காயங்களால் 3,60,000. வாரம் 55 மணிநேரமோ அதற்கு மேலோ உழைத்ததோடு தொடர்புள்ள பக்கவாத, இதய நோய் மரணங்கள் 7,45,000. விபத்தைவிட இரண்டு மடங்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் சொன்ன எண் 29.3 லட்சம், அதில் 26 லட்சம் நோயால். 19 லட்சமா, 29 லட்சமா என்று குழம்ப வேண்டாம். முதல் கணக்கு, வலுவான சான்று உள்ள குறிப்பிட்ட ஆபத்து-நோய் இணைகளை மட்டும் எடுத்தது. இரண்டாவது கணக்கின் வலை அகலம். இரண்டிலும் ஒன்று மாறவில்லை: வேலையால் இறப்பவர்களில் பெரும்பாலோர் நோயால் இறக்கிறார்கள். பதிவேடோ விபத்தைத்தான் நன்றாக எண்ணுகிறது.

சரி, உங்கள் வேலையிடத்தை எப்படி மதிப்பிடுவது?

பதிவேட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் பக்கத்தில் வேறு சில தாள்களையும் வையுங்கள். தூசும் இரைச்சலும் எவ்வளவு என்று அளந்த பதிவு, கேட்கும் திறன் பரிசோதனை முடிவுகள், நோய் விடுப்பு எந்தப் பிரிவில் கூடுகிறது என்ற பட்டியல், மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதி வைத்த நோட்டு. இந்தக் கடைசி நோட்டு தடித்துக்கொண்டே போகிறது என்றால், தயங்காமல் சொல்கிறார்கள் என்று அர்த்தம்; நான் அதை நல்ல அறிகுறியாகவே எடுப்பேன். விபத்துப் பதிவேட்டில் ‘நோய்’ என்ற பத்தி பல ஆண்டுகளாகக் காலியாகவே இருந்தால், அதைத்தான் முதலில் விசாரிப்பேன். இரைச்சலில் இருநூறு பேர் 15 ஆண்டு உழைத்த இடத்தில் ஒருவருக்குக்கூடக் காது மந்தமாகவில்லை என்பதை நம்ப முடியாது.

அப்புறம், ஆட்களைக் கேளுங்கள். பிரிட்டனின் அதே 2022-23 கணக்கெடுப்பில், வேலையால் உடல்நலம் கெட்டதாகச் சொன்னவர்கள் 18 லட்சம். அதில் ஏறக்குறைய பாதி மனஅழுத்தம், மனச்சோர்வு, பதற்றம். எந்த விபத்துப் பதிவேட்டிலும் இவர்களைப் பார்க்க முடியாது.

கேட்பதற்குத் தொழிற்சங்கங்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று இருக்கிறது. பெரிய தாளில் ஆள் உருவத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கோட்டுப்படமாக வரைந்து சுவரில் ஒட்டிவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து போகும்போது, வலிக்கும் இடத்தில் ஆளுக்கொரு பொட்டு வைக்கலாம். பெயர் எழுத வேண்டாம், படிவம் நிரப்ப வேண்டாம். வலி ஒரு நிறம், எரிச்சல் ஒரு நிறம், தூக்கமின்மைக்குத் தலையில் ஒரு நிறம். எல்லோரும் வைத்து முடித்ததும், பொட்டுகள் வலது மணிக்கட்டிலும் இடுப்புக்கு மேலேயும் மொய்த்துக் கிடந்தால், எந்த மேசையின் உயரம் சரியில்லை, எந்தப் பெட்டியின் பாரம் அதிகம் என்று அங்கே நிற்பவர்களுக்கே தெரிந்துவிடும். அந்த மாதத்துப் பதிவேட்டையும் எடுத்து வந்து அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே திறந்து வையுங்கள்.